முட்டு வருத்தக்காரர் குடித்திருக்கும் நேரத்தில் பம்பும் குளிசையும்: எது ஆபத்து, எது ஆபத்தில்லை?

படுவான்கரைப் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். கடந்த பெரும்போக வேளாண்மை வெட்டின்போது எங்கள் வாடியில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். மருத்துவம் தெரிந்தவர்கள் விளக்கம் தந்தால் உதவியாயிருக்கும்.

என் அத்தானுக்கு வயது 46. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவருக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உண்டு. கிளினிக்கில் மூன்று மருந்துகள் கொடுத்திருந்தார்கள்: காலையும் மாலையும் குடிக்க 125 மில்லிகிராம் தியோபிலின் குளிசை, தினமும் இழுக்க ஸ்டெரொயிட் தூள் கப்சூல், முட்டு வந்தால் மட்டும் இழுக்க சல்பியூட்டமோல் தூள் கப்சூல். அன்று வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கியதிலிருந்து பொழுது சாயும்வரை அவர் அந்தத் தூசிக்குள்ளேயே நின்றார். மூட்டைகளை ஏற்றி அனுப்பிய பின்னர் வேலைக்கு வந்தவர்களோடு இருந்து கால் போத்தல் சாராயம் குடித்தார்.

இரவு எட்டரை மணியளவில் முட்டுத் தொடங்கியது. கை நடுக்கத்தில் கப்சூலைக் கருவிக்குள் போடாமல் வாயில் போட்டுத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வெறும் கருவியை இழுத்துக்கொண்டிருந்தார் என்பது மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. இழுத்தும் கேட்கவில்லை என்றவுடன் தியோபிலின் குளிசையில் மேலதிகமாக இரண்டைக் குடித்தார். ஒன்பதரைக்குச் சத்தி எடுத்தார், பேச்சுக் குழறியது. "வெறி ஏறிட்டு, படுக்கப் போடுங்க, மறுகா பார்ப்பம்" என்று ஒருவர் சொல்ல, நாங்களும் அவரைப் பாயில் மல்லாக்கக் கிடத்தினோம். அவர் எழும்ப எழும்ப, பிடித்து மீண்டும் கிடத்தினோம். பத்து மணிக்கு அக்காவின் மகன் டோர்ச்சை முகத்தில் பிடித்தபோது, உதடு நாவற்பழம் தின்றவரின் உதடு போலக் கறுத்திருந்தது.

1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னோம். ஆஸ்பத்திரியில் "குடித்தவரா?" என்று கேட்டபோது அக்கா "இல்லை" என்றார். "வேறு மருந்து ஏதும்?" என்றதற்கு "வழமையாகக் குடிக்கிறதுதான்" என்றார். நாளத்தில் ஏற்றுவதற்கு அமினோபிலின் எடுத்து வைத்திருந்த நேரத்தில், மனம் கேளாமல் நான் வைத்தியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்த மருந்தை உடனே நிறுத்தச் சொல்லி, ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் செய்வித்தார். பொட்டாசியம் 2.8 என்று வந்தது. மூன்று நாட்களின் பின்னர் வீட்டுக்கு வந்தார்.

என் கேள்வி இரண்டு. குடித்தவருக்கு முட்டு வந்தால், சல்பியூட்டமோல் இழுக்கும் பம்ப் பாவிக்கலாமா? அந்த அமினோபிலினை வைத்தியர் ஏன் அவ்வளவு பதற்றத்தோடு நிறுத்தினார்?

வாவிக்கரை

தம்பி, உங்கள் அத்தான் தப்பியது பெரிய காரியம். நான் எழுபதைத் தாண்டியவன். எனக்கும் தொய்வு உண்டு. எங்கள் அப்பாவின் காலத்தில் நெஞ்சுச்சளிக்கு ஒரு மூடி பிராண்டியை வெந்நீரில் கலந்து கொடுப்பார்கள், அது நெஞ்சை இளக்கும். அளவு மிஞ்சினால்தான் கேடு. ஆனால் குடித்த வயிற்றோடு பம்ப் அடித்தால் நெஞ்சு அடைத்துப்போகும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். குடித்திருந்தால் வெறி முறியும்வரை பம்பைத் தொடாதிருப்பதே புத்தி என்பது என் கருத்து.

தாதியம்மா

வாவிக்கரை ஐயா, மன்னிக்க வேண்டும். உங்கள் கடைசி வசனத்தை யாரும் நம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சமையலை விட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். 31 ஆண்டுகள் வார்டிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் வேலை செய்தவள் நான்.

முட்டு வந்தவர் குடித்திருந்தாலும் பம்ப் அடிக்கத்தான் வேண்டும். சல்பியூட்டமோலும் மதுசாரமும் சந்தித்தவுடன் நஞ்சாக மாறிவிடுவதில்லை. இழுத்த மருந்து சில நிமிடங்களில் மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்தி, நான்கு முதல் ஆறு மணித்தியாலம்வரை வேலை செய்யும். இறுகிய மூச்சுக்குழாயோடு வெறி முறியக் காத்திருப்பவருக்கு அந்தக் காத்திருப்பில்தான் உயிர் போகிறது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. சல்பியூட்டமோல் மூச்சுக்குழாயோடு நிற்காமல் இதயத் துடிப்பையும் கூட்டும், கையை நடுங்கவைக்கும். திரும்பத் திரும்பப் பாவித்தால் இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தைக் கலங்களுக்குள் தள்ளி, இரத்தத்தில் அதன் அளவைக் குறைக்கும். நாட்பட்டுக் குடிப்பவருக்குச் சத்தியாலும் சரியாகச் சாப்பிடாததாலும் பொட்டாசியமும் மக்னீசியமும் ஏற்கெனவே குறைந்திருக்கலாம். அதோடு, ஒரே இருப்பில் அதிகமாகக் குடிப்பதே இதயத்தின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது. விடுமுறை நாட்களில் குடித்துவிட்டுத் துடிப்புத் தவறி வருபவர்களைப் பார்த்து 1978இல் அமெரிக்க வைத்தியர்கள் அதற்கு 'விடுமுறை இதயம்' என்றே பெயர் வைத்தார்கள். பொட்டாசியம் சாதாரணமாக 3.5க்கும் 5க்கும் இடையில் இருக்க வேண்டும், 2.8இல் இதயம் எந்த நேரமும் தாளம் தப்பலாம். முட்டுக்குக் கொடுக்கும் ஸ்டெரொயிட்டும், கால் வீக்கத்துக்கு மூத்திரம் போகக் கொடுக்கும் குளிசையும்கூடப் பொட்டாசியத்தைக் குறைப்பவையே. ஆகவே நாங்கள் பம்பை மறுக்க மாட்டோம்; பம்போடு சேர்த்து ஈசிஜியையும் இரத்தத்தையும் பார்ப்போம்.

இனி அந்தப் பாய் விடயம். உங்களைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை, தம்பி. வார்டிலும் இதே தவறு நடந்து பார்த்திருக்கிறேன். ஒட்சிசன் குறைந்தவர் பதறுவார், பிதற்றுவார், பிடித்துவிட்டால் திமிறுவார். கரியமிலவாயு உடம்பில் தேங்கியவர் தூங்கி விழுவார், பேச்சுக் குழறும். வெறிகாரரும் இதையெல்லாம் செய்வார். சாராய மணம் மூக்கில் ஏறிவிட்டால் பார்ப்பவர் அதற்கு மேல் பார்ப்பதில்லை. உங்கள் அத்தான் எழும்ப எழும்பக் கிடத்தினீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வெறும் வெறி என்றால் பெரும்பாலும் கிடத்தியவுடன் கிடப்பார். முட்டுக்காரருக்குத்தான் படுக்க முடியாது. ஆளை முன்பக்கம் சாய்ந்தவாறு இருத்த வேண்டும். கழுத்துத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் இழுபடுகிறதா, ஒரு வசனத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறாரா, நிமிடத்துக்கு 25க்கு மேல் மூச்சு ஓடுகிறதா, நாடி 110ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும். இரைச்சல் நின்றுவிட்டது என்று சந்தோசப்படவும் வேண்டாம். காற்றே உள்ளே போகாதபோதும் இரைச்சல் நிற்கும்.

பிராண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. அது தொண்டையில் சூடு காட்டும்; மூச்சுக்குழாயைத் திறக்கும் மருந்தல்ல. சிலருக்குக் குடியே முட்டைக் கிளப்பும். ஆஸ்திரேலியாவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், முட்டு வருத்தக்காரர்களில் மூன்றிலொரு பங்கினர் ஏதாவதொரு மதுபானம் தங்களுக்கு முட்டைத் தூண்டியிருக்கிறது என்று சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலானோர் சுட்டியது வைனை.

மருந்துச்சீட்டு (அக்கரைப்பற்று)

தாதியம்மா சல்பியூட்டமோலைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். தியோபிலினை நான் எடுத்துக்கொள்கிறேன். பார்மசியில் இருப்பவன் என்ற முறையில், எங்கள் பகுதியில் எனக்கு அதிகம் பயம் தருகிற முட்டு மருந்து அதுதான். பழைய மருந்து, மலிவான மருந்து, பல வீடுகளில் தகர டப்பாவுக்குள் கிடக்கிற மருந்து.

இரத்தத்தில் ஒரு லீற்றருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் என்பதே அதன் வழமையான எல்லை. அதற்குக் கீழே போனால் பலன் குறைவு, மேலே போனால் நஞ்சு. நடுவில் இருப்பது ஒற்றையடிப் பாதை. இந்த மருந்தை உடைத்து வெளியேற்றுவது ஈரல். ஒருவர் ஒரேயடியாக அதிகமாகக் குடித்தால் தியோபிலின் வெளியேறும் வேகம் 24 மணித்தியாலம்வரை குறையும் என்றும், இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 30 சதவீதம் கூடலாம் என்றும் அந்த மருந்தின் அமெரிக்க விபரக்குறிப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எல்லையின் நடுவில் இருப்பவருக்கு 30 சதவீதம் பெரிதாகத் தெரியாது. 17இல் இருப்பவரை அது 22க்குக் கொண்டுபோய்விடும். உங்கள் அத்தானோ அதற்கு மேல் இரண்டு குளிசையும் குடித்திருக்கிறார். அதிலும் அது மெதுவாகக் கரையும் குளிசை. முட்டு வந்த நேரத்தில் குடிப்பதற்கென்று செய்யப்பட்டதே அல்ல. கடித்துக் குடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும்.

தியோபிலின் மிஞ்சியதற்கு அடையாளம் என்ன என்று பாருங்கள்: ஓங்காளம், சத்தி, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, அமைதியின்மை; மிகவும் மிஞ்சினால் வலிப்பு. இந்தப் பட்டியலைச் சாராயக் கடையடியில் நின்று வாசித்தால், யாரும் மருந்தை நினைக்க மாட்டார்கள்.

அமினோபிலின் ஏன் நிறுத்தப்பட்டது என்று கேட்டீர்கள். அமினோபிலின் என்பது நாளத்தில் ஏற்றக்கூடியவாறு செய்யப்பட்ட தியோபிலினே. தியோபிலின் குடிக்காத ஒருவருக்கு முதலில் ஒரு பெரிய அளவை மெதுவாக ஏற்றி, பிறகு சிறிது சிறிதாகத் தொடர்வார்கள். ஏற்கெனவே குளிசை குடித்தவருக்கு அந்த முதல் அளவைக் கொடுத்தால், நிறைந்த குடத்தில் இன்னொரு குடத்தைக் கவிழ்த்தது போலாகும். நீங்கள் ஐந்து நிமிடம் பிந்தி வாய் திறந்திருந்தால் நிலைமை எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். பீடி, சிகரட் பிடிப்பவர்களின் ஈரல் தியோபிலினை வேகமாக வெளியேற்றும். அதற்கேற்ப வைத்தியர் அளவைக் கூட்டியிருப்பார். அவர் ஒரு நல்ல நாளில் புகையை விட்டுவிட்டால், ஒரு கிழமைக்குள் அதே குளிசை அவருக்கு மிஞ்சத் தொடங்கும். காய்ச்சலுக்கு சிப்ரோபுளொக்சசின் அல்லது எரித்ரோமைசின் கொடுத்தாலும் மிஞ்சும். புகையை விட்ட செய்தியைச் சந்தோசத்தோடு வந்து சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது தியோபிலின் குடிக்கிறீர்களா என்பதையே.

வாவிக்கரை

பம்ப் விடயத்தில் நான் பிழை. இத்தனை வருடம் அதை மற்றவர்களுக்கும் சொல்லி வந்திருக்கிறேன் என்பதை நினைக்க வருத்தமாயிருக்கிறது.

ஒரு சந்தேகம். வெறியை முறிப்பதற்கு நாங்கள் கட்டிப் பதத்தில் வெறுங்கோப்பி கொடுப்போம். முட்டுக்காரருக்கும் கோப்பி நல்லது என்பார்கள். இரண்டுக்கும் ஆகும் என்றால் கொடுத்துவிடலாம்தானே?

மருந்துச்சீட்டு (அக்கரைப்பற்று)

ஐயா, நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். கோப்பி முட்டுக்கு ஆகும் என்பது கட்டுக்கதையல்ல. 1860களில் இங்கிலாந்தில் முட்டு வருத்தத்தைப் பற்றி எழுதிய ஹைட் சோல்ற்றர் என்ற வைத்தியர் கட்டிக் கோப்பியைச் சிறந்த மருந்துகளில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார். தியோபிலினையே ஜேர்மனியரான கோசல் 1888இல் தேயிலையிலிருந்துதான் பிரித்தெடுத்தார். கோப்பியிலுள்ள கஃபீன் அதற்கு நெருங்கிய சொந்தக்காரன்.

சொந்தக்காரன் என்பதுதான் சிக்கல். தியோபிலின் மிஞ்சியவருக்குக் கோப்பி கொடுத்தால் படபடப்பும் நடுக்கமும் மேலும் கூடும். கோப்பியால் வெறியும் முறியாது. கால் போத்தல் சாராயம் 180 மில்லிலீற்றர். அதில் மூன்றிலொரு பங்கு மதுசாரம் என்று வைத்தால் ஏறத்தாழ 47 கிராம். ஈரல் ஒரு மணித்தியாலத்துக்கு 7 முதல் 10 கிராம்வரைதான் எரிக்கும். ஐந்து முதல் ஏழு மணித்தியாலம் போகவேண்டும். கோப்பி, தேசிக்காய், குளிர்தண்ணீர் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. கசிப்பு என்றால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது, உள்ளே என்ன இருக்கிறது என்பது காய்ச்சியவருக்கே தெரியாது.

தம்பிலுவில் வாசகி

நான் இதுவரை வாசித்துவிட்டுப் போகிறவளாகத்தான் இருந்தேன். அந்தத் தம்பியின் அக்கா "இல்லை" என்று சொன்னதை வாசித்த பின்னர் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நானும் அப்படிச் சொன்னவள். என் கணவருக்கு முட்டு வந்து கொண்டுபோன இரவில், வாசலிலேயே "ஆள் வெறியா?" என்று ஒருவர் உரத்துக் கேட்டார். சுற்றி ஊர்ச்சனம் இருந்தது, என் மகளின் வகுப்புப் பிள்ளையின் தாயும் இருந்தார். வெறி என்று சொன்னால் ஆளை ஒரு மூலையில் போட்டுவிடுவார்கள், பொலிசுக்குச் சொல்வார்கள் என்றெல்லாம் பயந்தேன். அந்தப் பயத்தில் வந்த "இல்லை" அது. மருந்தோடு அதற்குச் சம்பந்தம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. இதை எழுதுவது அக்காவைக் குற்றவாளியாக்கி யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காக.

தாதியம்மா

மகள், நீங்கள் எழுதியது சரி. குடித்துவிட்டு வருபவரைப் பார்த்து முகம் சுளிக்கிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் இருக்கிறது, என்னிடமும் இருந்தது. வாசலில் உரத்துக் கேட்கும் கேள்விக்கு வீட்டார் உண்மை சொல்ல மாட்டார்கள் என்பதை நான் விளங்கிக்கொள்ளப் பல வருடம் எடுத்தது. பிறகு நான் ஆளைத் திரைக்கு அப்பால் கூட்டிப்போய், "மருந்தின் அளவைப் பார்க்கக் கேட்கிறேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு?" என்று கேட்பேன். அப்படிக் கேட்டால் மறைப்பவர் குறைவு.

சொல்லக் கூச்சமென்றால் வைத்தியரின் காதில் சொல்லுங்கள், அல்லது கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி நீட்டுங்கள். குடித்த நேரம், அளவு, குடித்த குளிசைகள், எத்தனை தரம் பம்ப் அடித்தார் என்பவை போதும். வெற்று மட்டையை வீசாமல் கையோடு கொண்டுவாருங்கள். தடிமனுக்குக் குடிக்கும் குளோர்பெனிரமின், இருமல் பாணி, நித்திரைக் குளிசை ஏதும் உள்ளே போயிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். மதுசாரத்தோடு சேர்ந்தால் இவைதான் மூச்சை நேரடியாக அடக்குபவை. முட்டுக்காரர் நித்திரை கொள்ளட்டும் என்று நினைத்துக் கொடுத்தால் எழும்பாமலே போகலாம்.

கல்முனை ஓட்டோ

இடையில் ஒரு கேள்வி. நான் குடிப்பதே இல்லை, ஆனால் பம்ப் பாவிக்கிறேன். பம்பில் மதுசாரம் இருப்பதாகவும், பொலிசார் பலூன் ஊதச் சொன்னால் மாட்டிக்கொள்வேன் என்றும் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?

மருந்துச்சீட்டு (அக்கரைப்பற்று)

சில பம்புகளில் மருந்தைக் கரைப்பதற்குச் சிறிதளவு எதனோல் சேர்க்கப்படுகிறது. தூள் கப்சூலில் இல்லை. அடித்தவுடன் ஊதினால் வாயில் தங்கியது காட்டக்கூடும், ஒரு கால் மணித்தியாலத்துக்குள் அது போய்விடும். பம்ப் அடித்ததைச் சொல்லி, வாயைக் கொப்பளித்து, சற்று நேரம் கழித்து மீண்டும் ஊதக் கேளுங்கள். இந்தச் சொட்டை நினைத்து எங்கள் பள்ளிவாசலடியிலும் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. உயிர் காக்கும் மருந்தை அதற்காக நிறுத்த வேண்டாம் என்றே சொல்லி அனுப்புகிறேன்.

இந்த இழையில் வராத ஒன்று: குடித்த மறுநாள் தலையிடிக்கு அஸ்பிரின், டைக்குளோபினாக் குடிப்பது. முட்டுக்காரர்களில் சிலருக்கு இவை கடும் முட்டைக் கிளப்பும். கை நடுக்கத்துக்கென்று யாராவது புரோப்பிரனலோல் தந்தால் வாங்கவே வேண்டாம். அது சல்பியூட்டமோல் திறக்க முயலும் கதவை உள்ளேயிருந்து தாழிடுகிற மருந்து.

படுவான்கரைப் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. தம்பிலுவில் அக்கா எழுதியதை என் அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போனார், பிறகு வந்து இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

சென்ற கிளினிக்கில் வைத்தியர் தியோபிலினை நிறுத்திவிட்டார். கை நடுங்கும் நேரத்தில் கப்சூல் சரிவராது என்றும், மூச்சுத் திணறும்போது அந்தத் தூளை வலித்து இழுக்கப் பலம் போதாது என்றும் சொல்லி, அவசரத்துக்குப் பம்பும் அதோடு பொருத்துகிற நீண்ட குழாயும் எழுதித் தந்தார். அத்தான் குடியை விட்டுவிட்டாரா என்று கேட்பீர்கள். குறைத்திருக்கிறார் என்று மட்டும் சொல்லலாம். அந்தக் குழாய் வீட்டில் இருக்கும், முட்டு வயலில்தான் வரும். வாடியில் அது இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதே என் கடைசிக் கேள்வி.

தாதியம்மா

அரை லீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கழுவிக் காயவையுங்கள். அடிப்பக்கத்தில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்துமளவுக்கு ஓட்டை போடுங்கள். கம்பி ஒன்றைச் சூடாக்கிப் பம்பின் வாயளவுக்கு வளைத்து அழுத்தினால் விளிம்பு வெடிக்காது. பம்பைக் குலுக்கிப் பொருத்தி, ஒரு தரம் அழுத்தி, போத்தலின் வாயால் ஐந்தாறு மூச்சு எடுக்கவையுங்கள். அப்படி ஒவ்வொன்றாக நான்கு தரம். நான்கு நிமிடத்தில் சுகமில்லையென்றால் இன்னும் நான்கு. அதற்குள் 1990க்கு எடுத்திருக்க வேண்டும். தென்னாபிரிக்காவில் பிள்ளைகளிடம் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இந்தப் போத்தல் கடையில் வாங்கும் குழாய்க்குக் குறையாமல் வேலை செய்தது.

படுவான்கரைப் பிள்ளை

செய்துவிட்டோம். டோர்ச் பிடித்த மருமகனே ஓட்டை போட்டான். முதல் போத்தல் உருகிப்போனது, இரண்டாவது சரிவந்தது. வாடியின் வளையில் பம்போடு சேர்த்துப் பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். அதன்மேல் அவன் கொட்டை எழுத்தில் "இதில் தண்ணி குடிக்கப்படாது" என்று எழுதியிருக்கிறான்.